மண்டப வாசலில் பதித்த மாபிள்

டொரொன்டோவில் பொதுக் கழிவறைப் பக்கமே போகாத ஒருவர் இருந்தால், அவர் ஒருவர்தான் என் வேலையைக் காணாதவர். மற்ற எல்லோரும் அதன் மேல் நின்றிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து நடைகள், ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு, நீச்சல் குளத்து விளிம்பு, சப்வே படிகளின் தலைமாடு என்று முப்பது வருடத்துக்கு மேல் இந்த நகரத்தின் பாதத்துக்குக் கீழே முழங்காலில் நின்றிருக்கிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அகதியாக வந்து இறங்கிய முதல் விண்டரிலேயே ஒரு இத்தாலிக்காரனிடம் கலவை குழைக்கப் போனேன். அவனுடைய பேச்சு எனக்கு விளங்காது, என்னுடையது அவனுக்கு விளங்காது. கையைப் பார்த்துப் படித்தேன். நாலாம் வருடம் அவன் தன் வேலையை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தொடங்கினான். ஆறாம் வருடம் எனக்குச் சொந்தமாக ஒரு வான் வண்டி. இன்றைக்கு என் மகள் நடத்தும் எங்கள் கம்பனியில் ஏழு வான் ஓடுகிறது. ரூஜ் பகுதியில் என் வீட்டுக்கு முன்னால் காலையில் வந்தால் எண்ணிப் பார்க்கலாம்.

எங்கள் சனத்துக்கு நிலத்தில் பதிக்கிற எல்லாமே மாபிள்தான். நான் எத்தனை தரம் சொல்லியும் கேட்டதில்லை. மாபிள் என்றால் கல், மலையை அறுத்துக் கொண்டுவருவது. செரமிக் சுட்ட மண். போர்சலினும் சுட்ட மண்தான், ஆனால் மாவாக அரைத்து, இறுக்கி அழுத்தி, இன்னும் கூடுதலான சூட்டில் சுட்டது. வித்தியாசம் அறிய யூனிவர்சிட்டிக்குப் போகத் தேவையில்லை. துண்டின் முதுகுப் பக்கத்தில் நாக்கை வைத்துப் பாருங்கள். செரமிக் நாக்கைப் பிடித்து இழுக்கும், அது தண்ணீர் குடிக்கும். போர்சலின் பேசாமல் இருக்கும். தண்ணீர் குடித்த தட்டு இந்த ஊர்க் குளிரில் உறைந்தால் வெடிக்கும். அதனால் கழிவறைச் சுவருக்குச் செரமிக், வாசல் நிலத்துக்குப் போர்சலின். அந்தப் போர்சலினிலும் இரண்டு விதம். ஒன்று கண்ணாடி மாதிரித் தீட்டியது. மற்றது தீட்டாத சொரசொரப்பு. படங்களில் அழகாக இருப்பது முதலாவது. மனிதர் நடப்பதற்கு இரண்டாவது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் எங்கள் மண்டபம்.

வோபர்ன் பக்கத்தில் தளபாடக் கிடங்காக இருந்த ஒரு பழைய கட்டடத்தை எங்கள் சங்கம் எடுத்து, கலியாணம், இறந்தவர்களின் முப்பத்தொண்டு, மூத்தோர் ஒன்றுகூடல், பிள்ளைகளின் வகுப்பு எல்லாவற்றுக்கும் பொதுவான மண்டபமாக மாற்றியது. உள்ளே ஒரு மூலையில் சாமிப் படங்கள் வைத்திருப்பதால் எல்லோரும் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்ற வேண்டும். விண்டரில் இருநூறு பேர் பூட்ஸ் கழற்றுகிற இடம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பூட்ஸில் வந்த ஸ்நோ உருகி நிலம் முழுக்கத் தண்ணீர், அதற்கு மேல் சொக்ஸ் போட்ட கால்கள். வெள்ளைக்காரனுடைய கட்டடங்களில் இந்தப் பிரச்சினை கிடையாது. அவன் சப்பாத்தோடு உள்ளே போய்விடுவான். இது எங்களுடைய பிரச்சினை. எங்களுக்குள் இதை விளங்கிய ஒரே ஆள் நான்.

சங்கத் தலைவர் ஒரு இஞ்சினியர். மார்க்கம் நகரில் இருக்கிறார், என்னை விட இருபது வயது குறைவு. டைல்ஸ் தெரிவு செய்யக் கூடிய கூட்டத்தில் கைத்தொலைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். துபாயில் ஏதோ ஹோட்டல் வாசல். வெள்ளை வெளேரென்று தீட்டிய போர்சலின், மேலே தொங்குகிற விளக்கு கீழேயும் தொங்கியது.

"அண்ணை, உப்பிடி மின்ன வேணும். சனம் உள்ளுக்கை வரேக்கை வாவ் எண்டு சொல்ல வேணும்."

"சொல்லும் தம்பி. சொல்லிக்கொண்டே விழும்."

சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்பது தெரியும். நான் இரண்டு துண்டுகளைக் கொண்டுபோயிருந்தேன், ஒன்று தீட்டியது, ஒன்று தீட்டாதது. இரண்டையும் நிலத்தில் வைத்து, எனக்குத் தந்திருந்த கப்பிலிருந்த தண்ணீரை ஊற்றினேன்.

"தலைவர் ஒருக்கா ஏறி நில்லுங்கோ. சொக்ஸோடை."

மறுத்தால் மரியாதை இல்லை என்று ஏறினார். தீட்டிய துண்டில் ஒரு காலை வைத்ததும் கால் தன் பாட்டில் போனது. பக்கத்தில் இருந்த மாஸ்டர் அவருடைய பெல்டில் பிடித்து நிறுத்தினார். மாஸ்டர் ஊரில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டியவர். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். இங்கே மூத்தோர் ஒன்றுகூடலை நடத்துகிறவரும் அவர்தான்.

"இஞ்சினியருக்குக் கால் நிக்கேல்லை," என்றார் மாஸ்டர். "உவர் சொல்லுறதைப் போடுங்கோ."

அப்படித்தான் சொரசொரப்பான சாம்பல் நிறப் போர்சலின் எங்கள் வாசலுக்கு வந்தது.

அதை நானே பதித்தேன். ஏழு வானில் ஒன்றைக்கூட அனுப்பவில்லை. அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை, ஆனாலும் வேறு ஒருவன் கை அந்த நிலத்தில் படக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். அடிக்குக் கால் அங்குலச் சரிவு வைத்து, உருகிய தண்ணீர் முழுவதும் நடுவில் உள்ள துவாரத்துக்கு ஓடும்படி செய்தேன். பரிசோதிக்க வந்த நகரசபை ஆள், ஏன் இங்கே வடிகால் என்று கேட்டான். ஸ்நோ என்றேன். பிறகு, பால் என்றேன். எங்கள் சனம் வருடத்துக்கு ஒருநாள் இந்த வாசலில் பானை வைத்துப் பாலைப் பொங்கி வழிய விடும், வழிந்தால்தான் எங்களுக்குச் சந்தோஷம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளங்கப்படுத்தினேன். அவன் எதையோ எழுதிக்கொண்டு போனான். பால் வழிவதற்கென்று சரிவு வைத்துப் பதித்த நிலம் இந்த நகரத்தில் வேறு எங்கேயாவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

இரண்டு விண்டர் போனது. ஒரு ஆள் வழுக்கவில்லை. விசேஷ நாட்களில் நான் உள்ளே மேடையைப் பார்க்கப் போவதில்லை. சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் உள்ள வாங்குப் பலகையில் இருந்துகொண்டு கால்களைப் பார்ப்பேன். சேலைக் கரை நனைந்த கால், பட்டு வேட்டியும் கம்பளிச் சொக்ஸும், கொலுசு போட்ட குழந்தைக் கால், எல்லாம் தண்ணீருக்கு மேலால் கவலையில்லாமல் போகும். யாரும் நிலத்தைக் குனிந்து பார்ப்பதில்லை. நிலம் சரியாக இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். அதுதான் இந்தத் தொழிலில் உள்ள கொடுமை. மேடைக்குப் பின்னால் தொங்குகிற திரையைக் கட்டினவனுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள்.

மூன்றாம் விண்டரில், பொங்கலுக்குப் பத்து நாள் முன், என் வலது முழங்காலை மாற்றினார்கள். அதனால் மண்டபத்துப் பொங்கலுக்கு நான் போகவில்லை. மனைவி மட்டும் போனாள். மத்தியானம் திரும்பி வந்து, கோட்டைக் கழற்றாமலே சொன்னாள்.

"மாஸ்டர் விழுந்திட்டார். வாசலிலை. கை முறிஞ்சுபோச்சு."

எனக்கு முழங்காலில் போட்ட தையல் இழுத்தது. எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. அவள் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டாள். ஒரு தேத்தண்ணிக்கு அவ்வளவு நேரம் எடுக்காது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

பின்னேரம் சங்கத்து வாட்ஸ்அப்பில் தலைவரின் குரல் வந்தது. இன்றைக்கும் என் கைத்தொலைபேசியில் இருக்கிறது.

"எல்லாருக்கும் வணக்கம். மாஸ்டருக்கு மணிக்கட்டு முறிஞ்சிருக்கு, கடவுள் புண்ணியத்திலை தலையிலை அடி படேல்லை. அண்ணை நல்ல வேலைக்காரன், அதிலை ஆருக்கும் சந்தேகம் இல்லை. ஆனா உது படிச்ச ஆக்களைக் கேட்டுச் செய்திருக்க வேண்டிய வேலை. வாற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலை முடிவெடுப்பம். என்ரை அபிப்பிராயம், அந்த மாபிளை உடைச்சுப்போட்டு வைனல் விரிப்புப் போடுறதுதான் நல்லது."

படித்த ஆட்கள். என் துண்டில் காலை வைத்து, பெல்டில் பிடித்து நிறுத்தப்பட்ட மனிதர் சொல்கிறார். அந்தக் குரலை எத்தனை தரம் போட்டுக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. மகள் வந்து கைத்தொலைபேசியைப் பறித்து வைத்தாள். ஆஸ்பத்திரியில் என் நிலத்தில் இந்த நாட்டு டொக்டர்மார் ஓடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பிள்ளைகள் ஈரப் பூட்ஸோடு ஓடுகிறார்கள். அங்கெல்லாம் சரியாக இருந்த கை, என் சொந்தச் சனத்தின் வாசலில் மட்டும் படிக்காத கை ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அதற்குள் நான் ஏதும் செய்யாவிட்டால் சுத்தியல்காரர் வந்துவிடுவார்கள்.

அடுத்த நாள் யாரோ அந்தப் பொங்கல் வீடியோவைக் குழுவில் போட்டார்கள். எல்லோரும் பானையைப் பார்த்திருப்பார்கள். நான் கால்களைப் பார்த்தேன். பால் பொங்குகிறது, சனம் சத்தம் போடுகிறது, மாஸ்டர் கையில் அரிசியோடு பானையை மூன்று தரம் சுற்ற முன்னால் வருகிறார். இரண்டாவது அடியில் குதிக்கால் முழுதாகப் போகிறது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் பதித்த நிலத்தில் குதிக்கால் அப்படிப் போகாது. கொஞ்சம் போய்ப் பிடிக்கும். இது வெண்ணெயில் போவதுபோலப் போனது. ஏழாவதோ எட்டாவதோ தரம்தான் கண்ணில் பட்டது: பானைக்குக் கீழே நெருப்பு, நெருப்புக்குக் கீழே, நிலத்துக்குள், இன்னொரு நெருப்பு.

தீட்டாத போர்சலினில் நெருப்பின் உருவம் தெரியாது. தெரியவே தெரியாது.

மகளைக் கூட்டிக்கொண்டு, ஊன்றுதடியோடு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றிச் சொக்ஸையும் கழற்றினேன். வெறுங்காலை வைத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. என் நிலத்துக்கு மேல் இன்னொரு நிலம் இருந்தது. மகளைக் குனிந்து பையிலிருந்த வீட்டுத் திறப்பின் பல்லால் சுரண்டச் சொன்னேன். நகத்தளவு வெள்ளைச் சுருள் ஒன்று வந்தது. மெழுகு. தரை பொலிஷ். சொரசொரப்பின் பள்ளமெல்லாம் நிரம்பி, நான் கூட்டத்தில் வேண்டாம் என்று சண்டை பிடித்த அதே தீட்டிய டைல்ஸாக யாரோ அதை மாற்றியிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள். யார் செய்தது என்று கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, நாலு கேள்வி கேட்பது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. துப்பரவு முறைப் பட்டியல் சுவரில்தான் தொங்குகிறது. போய்ப் பார்த்தேன். பொங்கல் துப்பரவு, மகளிர் அணி. கீழே ஆறு பெயர். முதல் பெயர் என் மனைவியுடையது.

மகள் என்னைப் பார்த்தாள். நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனைவி குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இஞ்சேரும். மண்டப வாசலுக்கு என்ன போட்டனீர்?"

வெட்டுவதை அவள் நிறுத்தவில்லை. "பொலிஷ்."

"என்ன பொலிஷ்?"

"மினுங்கிற பொலிஷ். மூண்டு போத்தில். நாங்கள் ஆறு பேரும் பழைய துவாயை நிலத்திலை போட்டு, அதுக்கு மேலை ஏறி நிண்டு காலாலை தேய்ச்சனாங்கள். கண்ணாடி மாதிரி வந்தது."

"ஏன் போட்டனீர்?"

"பொங்கலுக்கு நிலம் மினுக்கிறேல்லையோ? அம்மா சீமெந்து நிலத்துக்குச் சிவத்தப் பொலிஷ் போட்டுத் தேங்காய்மட்டையாலை தேய்ப்பா. பொங்கலுக்கு நிலம் மினுங்காத வீட்டை ஆர் மதிக்கிறது?"

"அது சீமெந்து. இது போர்சலின். இதுக்குப் போடக்கூடாது."

"அதை எனக்கு ஆர் சொன்னது?"

"முப்பத்தெட்டு வருசமா என்னோடை இருக்கிறீர்."

அப்போதுதான் கத்தியை வைத்தாள்.

"ஓம். முப்பத்தெட்டு வருசமா நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரன் எண்டு சொன்னனீங்கள். நிலத்தை எப்பிடிக் கழுவுறது எண்டு ஒருநாளும் சொல்லேல்லை."

நான் வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"ஒவ்வொரு விசேஷத்துக்கும் மற்றப் பொம்பிளையள் சிரிக்கினம், என்ன உங்கடை மனுசன் கராஜ் நிலம் மாதிரிப் போட்டு விட்டிருக்கிறார் எண்டு. உங்களைப் பார்த்துச் சிரிக்கினமோ? என்னைப் பார்த்துத்தான் சிரிக்கினம். நீங்கள் ஆஸ்பத்திரியிலை படுத்திருக்கேக்கை, எழும்பி வந்து பார்க்கட்டும், அவர் நிலம் ஒருக்காவாவது மினுங்கட்டும் எண்டுதான் போட்டனான். மாஸ்டர் விழுந்தாப் பிறகு நான் நித்திரை கொள்ளேல்லை. உங்களுக்குத் தெரியுமோ அது?"

தெரியாது. நான் தலைவரின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எங்கள் கம்பனி ஒரு பள்ளிக்கூடத்தையோ ஆஸ்பத்திரியையோ முடித்துக் கொடுக்கும்போது பராமரிப்புத் தாள் ஒன்று கொடுக்கும். எதால் கழுவ வேண்டும், எதைப் போடக்கூடாது, வருடத்தில் எத்தனை தரம் டைல்ஸ் இடைவெளிப் பூச்சைப் பார்க்க வேண்டும் என்று மகள் அடித்துத் தருவாள். அங்குள்ள துப்பரவுத் தலைமைக்காரனைக் கூப்பிட்டு, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்காமல் நான் ஒரு கட்டடத்தை விட்டு வந்ததில்லை. வெள்ளைக்காரனுக்கும் கறுப்பனுக்கும் சீனனுக்கும் நின்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் மண்டபத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை. எங்கள் பெண்களுக்கு ஒரு வாசலைக் கழுவத் தெரியாதா என்று நினைத்தேன். திறப்பு விழாவில் மைக்கைக் கையில் தந்தார்கள். இருபது நிமிடம் பேசினேன். இத்தாலிக்காரனைப் பற்றி, முழங்காலைப் பற்றி, சரிவைப் பற்றி. பொலிஷ் போடாதீர்கள் என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

"கூட்டத்திலை நான் உம்மடை பேரைச் சொல்லப் போறேல்லை," என்றேன்.

"அப்ப உடைப்பினம்."

"உடைக்கட்டும்."

நான் சொன்னது பொய் என்று அவளுக்கும் தெரியும். அவள் லீக்ஸை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே கதிரைகளைப் போட்டுக் கூட்டம் வைத்தார்கள். மாஸ்டர் கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி முன் வரிசையில் இருந்து, இடது கையால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். தலைவர் எழும்பினார். இது ஒருவரையும் குற்றம் சொல்ல இல்லை என்றார், பாதுகாப்பு விஷயம் என்றார். இரண்டு தரம் டெக்னிக்கலாக என்றார். வைனல்காரர் வியாழக்கிழமை வரலாம் என்றார்.

நான் சப்பாத்து வாங்கில் இருந்தபடியே பேசினேன். "தம்பி, உடைக்க முதல் ஒருக்கா நிலத்தைப் பாருங்கோ."

"பார்த்தனாங்கள் அண்ணை."

"கிட்டப் பாருங்கோ. எனக்கு முழங்கால் மடியாது, புதுசு. நீங்கள் முழங்காலிலை நில்லுங்கோ." மகள் வானிலிருந்து எடுத்து வந்திருந்த சவர அலகுச் சுரண்டியை நீட்டினேன். "சரிச்சுப் பிடியுங்கோ. அழுத்தாதையுங்கோ. தள்ளுங்கோ."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. முழங்காலில் நின்றார். நல்ல காற்சட்டை. தள்ளினார். பென்சில் சீவியதுபோல நீளமாக ஒரு வெள்ளைச் சுருள் எழும்பி வந்தது. அதன் கீழே என் சாம்பல் நிறம்.

"இது என்ன அண்ணை?"

"நீங்கள்தானே படிச்சனீங்கள். சொல்லுங்கோ."

விரலில் எடுத்து மணந்தார். "மெழுகோ?"

"மெழுகு. உங்கடை துபாய் ஹோட்டல். அதுக்கு மேலைதான் மாஸ்டர் விழுந்தவர். என்ரை நிலத்துக்கு மேலை இல்லை."

சனம் குசுகுசுத்தது. தலைவர் எழும்பிக் காற்சட்டையைத் தட்டினார். அவருக்கு முகம் சிவந்திருந்தது. கோபத்தைக் கொட்ட இன்னொரு ஆள் தேவைப்பட்டது.

"ஆர் இதைப் போட்டது? ஆரைக் கேட்டுப் போட்டது?"

மகளிர் அணியில் ஐந்து பேர் நிலத்தைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன். என்ன சொல்வதாக இருந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குள் தேத்தண்ணிக் கேத்திலுக்குப் பக்கத்தில் இருந்து சத்தம் வந்தது.

"நான்."

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"நான்தான் போட்டனான். என்னாலைதான் மாஸ்டருக்குக் கை முறிஞ்சது. அதுக்கு நான் அவரின்ரை காலிலை விழுறன். ஆனா ஒண்டு கேக்கிறன். இந்த மண்டபத்தை ஆர் கூட்டுறது, ஆர் கழுவுறது? நாங்கள். உங்களிலை ஆராவது ஒருநாள் வந்து, அக்கா இதுக்கு இதைப் போடாதையுங்கோ எண்டு சொன்னனீங்களோ? டைல்ஸ் எடுக்கிற கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டனீங்களோ? நீங்கள் இஞ்சினியர், சொல்லேல்லை. இவர் பெரிய மேசன், மைக்கிலை ஒரு மணித்தியாலம் கதைச்சவர், சொல்லேல்லை."

இருபது நிமிடம்தான் பேசினேன். அந்த நேரத்தில் அதைத் திருத்த முடியவில்லை.

மாஸ்டர் தேத்தண்ணியைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார்.

"பிள்ளை, நீர் காலிலை எல்லாம் விழாதையும், இந்த நிலத்திலை விழுந்தால் எழும்பேலாது," என்றார். "நான் விழேக்கை நிலம் நல்ல மினுக்கம். என்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் விழுந்தனான். சவரம் செய்யாமல் வந்திட்டன் எண்டு அப்பதான் தெரிஞ்சது."

பின்வரிசைகள் வெடித்துச் சிரித்தன. தலைவர் மட்டும் விடவில்லை.

"எண்டாலும் மாஸ்டர், வைனல் போட்டால் பிரச்சினை முடிஞ்சிடும்."

"வைனலுக்கும் இவ பொலிஷ் போடுவா," என்றேன்.

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மாஸ்டர்தான் முடித்து வைத்தார். "மெழுகை எடுங்கோ. எடுத்தாப் பிறகு தண்ணியை ஊத்துங்கோ, அதே சொக்ஸோடை நான் நடந்து பார்க்கிறன். நான் ஓம் எண்டால் நிலம் இருக்கட்டும். இல்லையெண்டால் உடையுங்கோ. விழுந்தவன் நான், முடிவும் என்ரை."

அவருக்கு எதிராகப் பேச அந்த இடத்தில் யாருக்கும் தைரியம் வரவில்லை. கணக்கு மாஸ்டர் அல்லவா.

மெழுகை எடுக்க இரண்டு நாள் பிடித்தது. கரைக்கிற மருந்தை ஊற்றி, காயவிடாமல் ஊறவிட்டு, நைலோன் பிரஷால் தேய்த்து, ஈரம் உறிஞ்சும் மெஷினால் இழுத்து, சுடுதண்ணீரால் இரண்டு தரம் அலச வேண்டும். ஆறு பெண்களும் வந்தார்கள், ஐந்தாறு ஆண்களும் வந்தார்கள். நான் கதிரையில் இருந்து தடியால் இடம் காட்டினேன். தலைவரும் வந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனிதனில்லை. கையுறை போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் தேய்த்தார், பிறகு அவருக்கு ஒரு முக்கியமான போன் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. குழுவில் அந்தக் குரலை எடுக்கவும் இல்லை. நானும் அழிக்கவில்லை.

அந்த இரண்டு நாளில் நான் ஒரு தாள் எழுதினேன். மகள் கம்பியூட்டரில் அடித்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். தலைவர், ஒருவரிடம் காட்டித் திருத்துவோம் அண்ணை என்றார். தடித்த பேனாவால் என் கையாலேயே பெரிதாக எழுதி, சப்பாத்துத் தட்டுக்கு மேலே ஒட்டினேன். இந்த நிலம் மினுங்காது. மினுங்கவும் கூடாது. பொலிஷ், மெழுகு, எண்ணெய் ஒன்றும் போட வேண்டாம். சவுக்காரம் குறைவாக, தண்ணீர் கூட. கடைசி வரி மனைவி சொல்லி எழுதியது: பால் வழிந்தால் உடனே சுடுதண்ணீர் ஊற்றி அலசவும். அது எனக்கே தோன்றாதது.

புதன்கிழமை மூத்தோர் ஒன்றுகூடல். காலையிலிருந்து ஸ்நோ கொட்டியது, பூட்ஸிலிருந்து உருகிய தண்ணீர் ஏற்கெனவே வாசல் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அது போதாதென்று என் மனைவி குசினியிலிருந்து ஒரு பெரிய கேத்தில் பாலைக் கொண்டுவந்து நடுவில் ஊற்றினாள். பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வைனல்காரருக்கு அவர் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மாஸ்டர் வாங்கில் இருந்து பூட்ஸைக் கழற்றினார். அதே கம்பளிச் சொக்ஸ். இரண்டு பேர் கை கொடுக்க வந்தார்கள். "தள்ளி நில்லுங்கோ," என்றார். எழும்பி, முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு காலை வைத்தார்.

நான் குதிக்காலைப் பார்த்தேன். மனைவி என் கதிரைக்குப் பின்னால் வந்து, முதுகுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது அடி. மூன்றாவது அடி பாலுக்குள். குதிக்கால் கொஞ்சம் போனது, பிடித்தது. நான்கு, ஐந்து. நடுவில் நின்று, வேண்டுமென்றே ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு மறுபக்கம் போய்ச் சேர்ந்து, சாமிப் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தலைவரைப் பார்த்து, "ஓம்," என்றார்.

தலைவர் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மாஸ்டர் ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தார். பாலும் சேறுமாக நனைந்து, கம்பளியில் நூல் கிளம்பியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"நிலம் சரி. ஆனா உது சரியான சொரசொரப்பு. சொக்ஸ் எல்லாம் கிழிஞ்சுபோம்."

"கிழியட்டும் மாஸ்டர்," என்றாள் என் மனைவி. "நான் வாங்கித் தாறன்."